காலாவதியான ஈஸ்ட்டும் என் மனைவியின் மூக்கும்

எங்கள் வீட்டில் பியர் காய்ச்சுவது நான் அல்ல, என் மனைவி. இதைச் சொன்னதும் ஆட்கள் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்க்கிறார்கள். கட்டின பெண்ணை அடுப்படியில் நிறுத்திப் பியர் காய்ச்சவைத்துக் குடிக்கிறவன் என்று நினைக்கிறார்கள்போலும். உண்மையில் எனக்கு அந்தக் கலையில் ஒரு மண்ணும் தெரியாது. குடிக்கத் தெரியும். அதுவும் ஒழுங்காகத் தெரியாது என்பது அவளுடைய அபிப்பிராயம்.

தொடக்கி வைத்தது என்னவோ நான்தான். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு ரொறன்ரோவில் என் வேலையிடத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொண்டபோது, வீட்டிலேயே பியர் காய்ச்சுவதற்கான பெட்டி ஒன்று எனக்கு விழுந்தது. அதை எங்கள் வீடு இருக்கும் விட்பி வரை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, பேஸ்மென்ட்டில் பழைய சூட்கேசுகளோடு போட்டுவிட்டு மறந்துபோனேன். அவளுக்கு ஒரு பொருள் சும்மா கிடந்தால் பொறுக்காது. பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை பெட்டியை உடைத்து, உள்ளே இருந்த தாளை ஆற அமர வாசித்து, பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள்.

"பொங்கல் பானையிலயோ பியர்?" என்று நான் பதறினேன்.

"பொங்கல் பானை மேல இருக்கு. இது ஆட்டிறைச்சிப் பானை. கண்ணைத் திறந்து பாருங்கோ," என்றாள்.

அவள் குடிப்பது அரைக் கிளாஸ். அதிலும் பாதியை எனக்குத் தள்ளிவிடுவாள். அவளைப் பிடித்துக்கொண்டது மணம். அவளுடைய மூக்கைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த கையோடு, மூடியைத் திறக்காமலே, பால் நாளைக்குத் திரையும் என்பாள். திரையும். ரயிலால் இறங்கி வீட்டுக்குள் நான் கால் வைத்ததும், பக்கத்தில் இருந்தவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்வாள். ஒஷாவாவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. வாயைத் திறக்க முதலே யாருக்கு எந்தப் பக்கம் சூத்தைப் பல் என்று தனக்குத் தெரிந்துவிடும் என்று பெருமை பேசுவாள். அப்படிப்பட்ட மூக்குக்கு, முளைகட்டிய பார்லி வேகும் மணமும் அதற்குள் போடும் ஹொப்ஸ் பூவின் கசப்பு மணமும் கிடைத்தால் விடுமா? ஒரு ஹொப்ஸைத் தோடம்பழத் தோல் என்பாள், இன்னொன்றை நாரத்தங்காய் ஊறுகாய் என்பாள். நான் எல்லாவற்றுக்கும் "ஓம், நல்லாயிருக்கு" என்பேன். "கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை" என்று சிரிப்பாள்.

எத்தனையோ வகை காய்ச்சிப் பார்த்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றாள். கோதுமை கலந்த, கலங்கலான ஒரு பியர். அதன் மணம் முழுவதும் ஈஸ்ட்டால் வருவது. சின்ன உறையில் வரும் உலர்ந்த ஈஸ்ட்தான், ஆனால் அந்த ஒரு வகையைப் போட்டால் மட்டும் கனிந்த கதலி வாழைப்பழமும் அதற்குள் ஒரு கராம்பும் மணக்கும். வாழைப்பழமும் போடவில்லை, கராம்பும் போடவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இனிப்பைத் தின்றுவிட்டு இந்த மணத்தைத் தருகின்றனவே என்று அவள் ஒவ்வொரு தடவையும் அதிசயப்படுவாள். ஈஸ்ட்டை அவள் அஃறிணையில் பேசி நான் கேட்டதில்லை. "அவை சாப்பிடத் தொடங்கிட்டினம்," என்பாள். எங்கள் ஊர்ப் பேச்சில் 'அவை' என்றால் 'அவர்கள்'. "அவைக்கு இண்டைக்குக் குளிருது, ஒரு போர்வை எடுத்தாங்கோ." எனக்கு ஒருநாளும் போர்வை எடுத்துத் தந்தவள் அல்ல.

பிறகு அந்தப் பாழாய்ப்போன தொற்றுக் காலம் வந்தது. எங்கள் இருவரையும் ஒரே வாரத்தில் பிடித்தது. எனக்கு இருமலோடு போயிற்று. அவளுக்குக் காய்ச்சல் விட்ட அன்றைக்குக் கோப்பி போட்டாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். கோப்பிப் போத்தலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

எல்லாருக்கும் வந்ததுபோல் அவளுக்கும் மணம் சில கிழமையில் திரும்பிவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. கொஞ்சக் காலம் எல்லாம் வெறுமையாக இருந்தது. பிறகு எல்லாம் பிழையாக மணந்தது. வெங்காயம் வதக்கினால் சாக்கடை என்றாள், கோப்பி எரிந்த ரயர் என்றாள். அதுவும் போய் மறுபடி வெறுமை. வைத்தியர் சின்னப் போத்தல்களில் எலுமிச்சை, ரோசா, கராம்பு, யூக்கலிப்டஸ் என்று எண்ணெய்கள் வைத்து நாள்தோறும் முகரச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடமாக்குவதுபோல அவள் முகர்ந்தாள். வரலாம், வராமலும் விடலாம் என்று வைத்தியர் கையை விரித்தார். குழம்பு அடிப்பிடிப்பது தெரியாமல் பக்கத்திலேயே நின்றாள். பியர் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மூக்கில்லாமல் காய்ச்சுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது என்றாள். அதன்பின் பேஸ்மென்ட்டுக்கு உடுப்புத் தோய்க்க மட்டும்தான் போனாள்.

இப்படியே மூன்று வருடம் போனது. போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் வேலையால் வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். "கார் நிப்பாட்டுற இடத்தில மழை மணந்தது," என்றாள்.

நான் துள்ளிவிட்டேன். அவள் துள்ளவில்லை. "மழை பெய்யிறதைக் கண்ணால பாத்தனான். மழை எப்பிடி மணக்குமெண்டு எனக்குத் தெரியும். உது மூக்கில மணந்ததோ நினைப்பில மணந்ததோ, ஆர் கண்டது?"

அதுதான் அவளைத் தின்றது. அடுத்த நாட்களில் கறிவேப்பிலை லேசாக மணக்கிறது என்றாள், சவர்க்காரம் மணக்கிறது என்றாள், ஒவ்வொரு தடவையும் தன்னைத்தானே நம்பாமல் விட்டாள். நான் கண்ணைப் பொத்தச் சொல்லி மூக்குக்குக் கீழே எதையாவது நீட்டுவேன். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், பாதி சரியாகச் சொல்வாள், "ஊகம்" என்று தள்ளிவிடுவாள். வராமல் விட்டாலும் பரவாயில்லை, வந்ததாக நினைத்து ஏமாறுவதைத் தன்னால் தாங்க முடியாது என்று ஒருநாள் சொன்னாள்.

ஒரு புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது, மேசையில் அந்தப் பழைய ஈஸ்ட் உறைகள் இரண்டு கிடந்தன. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பட்டருக்குப் பின்னால் இருந்தவை. எடுத்துத் திகதியைப் பார்த்தேன். முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல்.

"உது செத்துப்போயிருக்கும்," என்றேன். "கடையில புதுசு வாங்கியாறனே."

"அந்தச் சாதியைக் கடைக்காரர் இப்ப எடுக்கிறேல்லை. வேற எதுவும் எனக்கு வேண்டாம்," என்றாள். "இதின்ர மணம் எனக்கு மனப்பாடம். புதுசொண்டு வாங்கி அது வேற மாதிரி மணந்தா, பிழை பியரிலயோ என்ர மூக்கிலயோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

முப்பது வருடமாகக் காப்புறுதி அலுவலகத்தில் உண்மை பொய் பிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன், எனக்கு இந்த யோசனை வரவில்லை.

அவள் செய்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். வியாழக்கிழமை லீவு எடுத்தாள். வாளி, மூடி, கரண்டி எல்லாவற்றையும் கிருமி நீக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தாள். பார்லியும் கோதுமையும் காய்ச்சிய இனிப்புச் சாற்றை ஆறவைத்தாள். கொதித்தாறிய தண்ணீரைக் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஓர் உறையை வெட்டி அதன்மேல் தூவினாள். கலக்கவில்லை. புதிய ஈஸ்ட் என்றால் சற்று நேரத்தில் பாலாடைபோல் பொங்கி மிதக்கும். இது அப்படியே அடியில் போய் ஈரமணலாகக் கிடந்தது. மேலே சில பொட்டுகள் மட்டும் மிதந்தன.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "கனபேர் போயிட்டினம்," என்றாள். "எல்லாரும் போகேல்லை. குளிருக்குள்ள மூடிக் கிடந்தவை, இருக்கிறவைக்குச் சாப்பாடும் நேரமும் குடுத்தாச் சரி. தொகை குறைவெண்டா முதல்ல பெருகோணும், அதுதான் பிந்தும்."

அந்தக் கரைசலில் ஒரு கரண்டியை, கொஞ்சச் சாற்றோடு ஒரு ஜாம் போத்தலில் விட்டு, சுடுதண்ணீர்த் தாங்கியின் மேல் வைத்தாள். வாளியில் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது, போத்தல் காட்டிக்கொடுக்கும் என்றாள். மீதிக் கரைசலைச் சாறு இருந்த வாளிக்குள் ஊற்றி மூடினாள். மூடியில் ஒரு சின்னக் குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே ஈஸ்ட் வேலை செய்தால் காற்று அந்தத் தண்ணீரால் குமிழிவிட்டு வெளியேறும்.

வெள்ளிக்கிழமை குமிழி இல்லை. சனிக்கிழமை காலையும் இல்லை. நான் பல் தீட்டுவதற்கு முன் இறங்கிப் போய் அந்தக் குழாயை முறைத்துப் பார்த்தேன். வாளியை ஒரு தட்டுத் தட்டலாமா என்றுகூட யோசித்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதெல்லாம் எனக்குச் சரிவராத பழமொழி. அவள் காலை ஒருதரம் போத்தலைப் பார்த்துவிட்டு, தலையிடி என்று மேலே போய்ப் படுத்துவிட்டாள்.

சனிக்கிழமைகளில் அவளுடைய அக்கா பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து அப்ப மா புளிக்கவைத்துக் கொண்டுவருவார். தேங்காய்ப் பால் விடாத மா. பாலை இங்கே வந்துதான் விட்டுச் சுடுவார். அக்கா வெள்ளிக்கிழமை மரக்கறி, செவ்வாய்க்கிழமை மரக்கறி, பியர் என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார், "உந்தச் சாமான்" என்பார். ஆனால் தங்கையின் மூக்குக்காக அவர் வைக்காத நேர்த்தி இல்லை. தான் சமைத்துக் கொடுத்ததை அவள் மணமறியாமல் விழுங்கிவிட்டு "நல்லாயிருக்கக்கா" என்று சொல்வதை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

நான் கடைக்குப் போய்த் தேங்காய்ப்பால் ரின்னோடு திரும்பியபோது மேலே அக்காவைக் காணவில்லை. கீழே வெளிச்சம் தெரிந்தது. இறங்கிப் பார்த்தால், அக்கா வாளிக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார். மூடி திறந்திருக்கிறது. கையில் அகப்பை, பக்கத்தில் அப்ப மாச் சட்டி.

"என்னக்கா செய்யிறியள்!"

அவர் திடுக்கிடக்கூட இல்லை. "ஏன் தம்பி கத்துறியள்? மா பொங்காட்டி, பொங்கின மாவில ரெண்டு அகப்பை விடுறதுதானே. அதுவும் ஈஸ்ட், இதுவும் ஈஸ்ட்."

"ஐயோ அக்கா, அவள் கரண்டியையே மருந்துத் தண்ணியில தோய்க்கிறவள்!"

"நானும் கழுவித்தான் கொண்டந்தனான்," என்றார் அக்கா, அகப்பையை உயர்த்திக் காட்டி. பிறகு அவருடைய வாய் கோணியது. "அவளின்ர முகத்தைப் பாத்தனீங்களே? உது பொங்காட்டி அவள் இனி ஒண்டையும் தொடமாட்டாள். எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி இதுதான் தம்பி. சொல்லிப்போடாதேங்கோ."

மா ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. மூடியை எடுத்து நானே இறுக்கி மூடினேன். மேலே போய் அப்பம் சுட்டோம். அவள் எழும்பி வந்து, முறுகலாக ஒன்றைச் சாப்பிட்டு, நல்லாயிருக்கக்கா என்றாள்.

ஞாயிறு காலை கீழே இருந்து அவளுடைய சத்தம் கேட்டது. விழுந்தடித்து ஓடினேன். ஜாம் போத்தலைக் கையில் வைத்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் தடிப்புக்கு நுரை. "பாருங்கோ, பாருங்கோ, எழும்பிட்டினம்!" அந்தப் போத்தலுக்குள் அக்காவின் மா ஒரு சொட்டும் போகவில்லை. திகதி முடிந்து, செத்ததென்று நான் தீர்ப்பெழுதிய அந்தத் தூள், யாருடைய உதவியும் இல்லாமல், தன்பாட்டில் எழும்பி வேலைக்கு வந்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கை கூப்பத் தோன்றியது. வாளியின் குழாயும் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. அது யாருடைய குமிழி என்று பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். இன்னும் ஓர் இரவு பொறுத்திருந்தால் மா விடத் தேவையே இருந்திருக்காது என்று நினைக்க, அக்காமேல் வந்த கோபத்தைவிட, மூடியை மூடி மறைத்த என்மேல் அதிகமாக வந்தது.

அடங்கி ஓயும்வரை இரண்டு கிழமைக்கு மேல் அவள் மூடியைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ரயிலில் நான் அதே கணக்கைப் போட்டேன். மணக்காவிட்டால்? பிழையாக மணந்தால்? ஏதோ கொஞ்சம் மணந்து, அதையும் அவள் நம்பாமல் விட்டால்?

சுவை பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் வரச் சொன்னாள். அக்கா வந்தார், ஆனால் கிட்டே வரவில்லை, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உந்தச் சாமானுக்குப் பயமா, உள்ளே போட்ட மாவுக்குப் பயமா தெரியாது. மனைவி வாளியின் அடியில் இருந்த திருகு குழாயைத் திறந்து இரண்டு கிளாஸ் பிடித்தாள். கலங்கலாக, வெளிர் மஞ்சளாக வந்தது. அந்தப் பியர் எப்போதும் அப்படித்தான், ஆகவே பார்வைக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. நான் முதலில் குடித்தேன். வழக்கமான புளிப்பு, வழக்கமான பியர்.

"நல்லாயிருக்கு," என்றேன்.

"உங்களைக் கேட்டது என்ர பிழை," என்றாள்.

கிளாஸை இரு கையாலும் பிடித்து மூக்கை உள்ளே வைத்தாள். கண்ணை மூடினாள்.

"வாழைப்பழம்," என்றாள் கடைசியில், மெதுவாக. "கராம்பும் இருக்கு. மெல்லிசா." அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கிளாஸை உடுப்புத் தோய்க்கும் மெசின்மேல் வைத்தாள். "ஆனா அதுதான் வருமெண்டு எனக்கு முதலே தெரியும்தானே. மூண்டு வருசமா நினைச்சுக்கொண்டிருந்த மணம். உதையும் நம்பேலாது." ஒரு பெரிய மூச்சு விட்டாள். "இவ்வளவையும் காய்ச்சி, இதை யோசிக்காமல் விட்டிட்டன்."

நான் அவள் தோளைத் தொடப் போனேன். அவள் மறுபடி கிளாஸை எடுத்தாள், குடித்து முடித்துவிடலாம் என்று நினைத்தவள்போல. வாய்க்குக் கொண்டுபோனவள் நடுவில் நிறுத்தினாள்.

அவளுடைய மூக்குச் சுருங்கியது. திரைந்த பாலுக்கு முன்னால் நான் ஆயிரம் தடவை கண்ட அந்தச் சுளிப்பு. மூன்று வருடமாக அதை நான் காணவில்லை என்பதுகூட அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"புளிச்ச மா மணக்குது," என்றாள்.

அவள் இன்னொரு தரம் ஆழமாக இழுத்தாள். "அப்ப மா. பால் விடாத அப்ப மா." மெல்லத் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தாள். "அக்கா!"

அக்கா அப்படியே படியில் குந்திவிட்டார். "ரெண்டு அகப்பைதான் பிள்ளை. பொங்கேல்லை எண்டு..."

"உங்களுக்கும் தெரியுமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியும்."

"எனக்குச் சொன்னனீங்களோ?"

"சத்தியமா இல்லை."

"அண்டைக்கு நான் மேல படுத்திருந்தனான். நான் ஒண்டையும் பாக்கேல்லை. என்ன அக்கா?"

"நீ பாக்கேல்லை பிள்ளை," என்றார் அக்கா அழுதுகொண்டு.

மனைவி கிளாஸைப் பார்த்தாள். "வாழைப்பழம் எனக்குத் தெரியும்," என்றாள். "உது எனக்குத் தெரியாது. தெரியாமலே மணந்தது." நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் மூன்று பேரும் ஒரு பியர் வாளியைச் சுற்றி நின்று அழுததை வெளியே யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அழுது முடிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "ஆராவது பியருக்குள்ள அப்ப மா விடுவினமோ? அறிவில்லையோ? அவை பாவம், இவ்வளவு காலம் கிடந்து எழும்பி வந்தவை, அவைக்கு மேல கொண்டுபோய்..." என்று தொடங்கி, அக்காவைப் பேசு பேசென்று பேசினாள். அக்கா கோயிலில் அர்ச்சனை கேட்கும் முகத்தோடு, கண்ணைத் துடைத்துத் துடைத்து, எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றார். என்னுடைய முறையும் வந்தது. இவ்வளவு நல்ல ஏச்சை நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து வாங்கியதில்லை.

"மற்ற உறை கிடக்கு," என்றாள் முடிவில். "வாற கிழமை திருப்பிக் காய்ச்சுறன். நீங்கள் ரெண்டு பேரும் கீழ வரக்கூடாது. இதைக் கொண்டுபோய் ஊத்துங்கோ."

அவ்வளவு பியரையும் ஊற்றுவது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், பொய் சொல்லக்கூடாது. வாளியைத் தூக்கி உடுப்புத் தோய்க்கும் தொட்டியின் விளிம்பில் வைத்துச் சரித்தேன். நுரைத்துக்கொண்டு போயிற்று. அவள் வந்து எனக்குப் பக்கத்தில் நின்று, தொட்டிக்குமேல் நன்றாகக் குனிந்தாள்.

"மெதுவா," என்றாள். "மெதுவா ஊத்துங்கோ."